ஒற்றை போல்ட்டில்

…விடக் கூடாது, விட்டால் நேராக அவர் காலில்தான் விழும், கனத்த பீங்கான், எலும்பு தாங்காது, அனுசுயா இடுப்பை வாஷ்பேசினுக்கு முட்டுக்கொடுத்து இரண்டு கைகளாலும் தாங்கி நின்றாள், ஒரு போல்ட் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, மற்றது ஆடுகிறது, கழன்ற குழாயின் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது, கீழே, சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து, கணவர் வேலுச்சாமி மல்லாந்து கிடக்கிறார். தலையில் அடிபட்டிருக்குமோ? ரத்தம் இல்லை… இருந்தாலும் இந்தத் தண்ணீரில் தெரியுமா? முகம் கழுவ வந்தவர் எதற்கு இதில் ஊன்றி எழுந்தார்? பிளம்பர் இம்மானுவேல் அன்றைக்கே சொன்னான், ஹாலோபிளாக் சுவர், உள்ளே பொள்ளல், போல்ட் நிற்காது, தரையில் தூண் வைத்த பேசின்தான் பாரம் தாங்கும் என்று, ஆனால் தூண் இருந்தால் நாற்காலி உள்ளே நுழையாதே, முழங்கால் இடிக்குமே, அதனால்தானே சுவரில் தொங்குவதை வாங்கினோம், சின்னமனூர் தோட்டத்தில் தோளுக்கொரு வாழைத்தார் சுமந்த மனிதர், பக்கவாதத்துக்குப் பிறகு தன் முகத்தைத் தானே கழுவிக்கொண்ட முதல் நாள் எப்படிச் சிரித்தார்…

ஜெபராணி, ஜெபராணி என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள், மிக்ஸி ஓடுகிறது அங்கே, கை மரத்துப்போகிறது, வழுக்கினால் யார் என்ன சொல்ல முடியும், எத்தனை நாள் இப்படி… சீ, என்ன நினைப்பு இது? அவர் உதடு அசைந்தது. நோய்க்குப் பின் அரைச் சொல்லாகவே பேசுகிறவர், இப்போது தெளிவாகச் சொன்னார்.

“விட்ரு அனுசுயா… போதும்.”

“சும்மா கெடங்க.”

என் கை வலிக்கிறதென்று பார்க்கிறாராக்கும், இந்த நிலையிலும் எனக்காக… அங்கே மிக்ஸி நின்றது, பின்வாசலில் ஜெபராணியின் தலை.

“அக்கா, இன்னுங் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, மாடியில வால்வ அடைச்சுட்டு வந்துர்றேன்.”

தண்ணீர் நின்றது. இருவருமாகப் பேசினைக் கழற்றித் தரையில் இறக்கினார்கள், அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள், தலையில் காயமில்லை, ஜெபராணி துண்டெடுக்க ஓடினாள். அனுசுயா குனிந்து அவர் கால்களைத் துடைத்தாள், வலது கால் எப்போதும்போல மரக்கட்டை, இடது காலைத் தொட்டதும் அவர் கூச்சத்தில் சட்டென்று இழுத்துக்கொண்டார், அவள் கை அப்படியே நின்றது… பேசினுக்கு நேர் கீழே கிடந்தது இந்தக் கால்தானே, இழுத்திருக்கலாமே, அவ்வளவு நேரமும் இழுத்திருக்கலாமே, அப்படியென்றால் அந்த ‘போதும்’ என் கைக்காக இல்லையா…