ஒரு சில ஆர்வலர்கள்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா பதினேழு தாள்களைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் முப்பதாவது ஆண்டு மலருக்கு அவர் எழுதிய வரலாறு. "சரித்திரம் படிக்கிறது நீதானே பிள்ளை, ஒருக்காப் பார். பதிப்பாசிரியர் எண்டு அனஸ்ரேசியா அல்பிரட், உன்ர பேரைத்தான் போடுறம். புதன்கிழமை அச்சுக்குப் போகுது" என்றார். அப்பா எழுதியதில் கைவைக்க இதுவரை ஒருவரையும் விட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக, புளுகமாகக்கூட இருந்தது.

முதல் பக்கத்திலேயே அந்தப் புளுகம் போய்விட்டது. 'ஒரு சில ஆர்வலர்களால் பள்ளி தொடங்கப்பட்டது' என்றிருந்தது. ஆர்வலர்களாம்! தொடங்கியது ஒரேயொரு ஆள். அப்பாவின் சொந்தத் தங்கச்சி, மரியரஞ்சனி மாமி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து, புருசெத் என்ற இந்தப் புறநகரில் எங்கள் கட்டடத்து நிலவறையில் எட்டுப் பிள்ளைகளை இருத்தி ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவர். பிறகு என் கையையும் பிடித்து எழுதவைத்தவர். ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம், விழா மேடையில் எந்தக் கொடியை ஏற்றுவது என்று தொடங்கிய சண்டையில் நிர்வாகம் இரண்டாகி, மாமி மற்றப் பக்கம் போனார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் பன்னிரண்டாம் பக்கத்தில் மாமி பெயரில்லாமல் வருகிறார்: 'நன்றிகெட்ட சிலர் பிரிந்து சென்றனர். அவர்களது பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்ததே நாங்கள்தான்.'

இந்த வசனத்தை நான் வேறு இடத்தில் வாசித்திருக்கிறேன். ஆதி ஆர்மேனிய வரலாற்றாசிரியர்கள் ஜோர்ஜியர்களை எப்படி எழுதினார்கள் என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு. முதலில் ஜோர்ஜியர் பக்கத்து வீட்டுச் சகோதரர்கள், பாரசீகரோடு மோதியபோது துணைக்கு அழைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு எழுத்தை ஆக்கிக் கொடுத்ததே எங்கள் துறவிதான் என்றும் ஆர்மேனியர் எழுதிவைத்தார்கள். ஜோர்ஜியர் அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு திருச்சபைகளும் பிரிந்தன. அதற்குப் பிறகு எழுதியவர்களின் கையில் அதே சகோதரர்கள் நன்றிகெட்டவர்கள், சொல் மாறியவர்கள் ஆனார்கள். ஆர்மேனியத் திருச்சபைத் தலைவர் கட்டளையே போட்டார்: அவர்களோடு செபிக்காதே, சாப்பிடாதே, சம்பந்தம் வைக்காதே. வாங்கல் விற்றல் மட்டும் செய்யலாம். அந்தக் கடைசிச் சலுகையை வாசித்துவிட்டு நூலகத்தில் தனியே சிரித்திருக்கிறேன். சிரித்த வாயில் இப்போது அறைய வேண்டும் போலிருந்தது.

"அப்பா, இந்த ஆர்வலருக்குப் பேர் இல்லையோ?"

"பேர் போட்டா கொமிட்டியிலை பிரச்சினை வரும்."

"உங்கடை சொந்தத் தங்கச்சியப்பா!"

"என்ர தங்கச்சி ஆரெண்டு எனக்குத் தெரியும். எழுத்துப் பிழையைப் பார்க்கத்தான் தந்தனான்."

அம்மா கறியைக் கிண்டிக்கொண்டு திரும்பாமல் நின்றார். நான் சாப்பிடாமல் தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு நகரத்தின் மற்ற முனையில் மாமி இருக்கும் பியோர்ண்டாலுக்கு வெளிக்கிட்டேன். ஜோர்ஜியர் தங்கள் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று என் ஆய்வு வழிகாட்டி ஒருமுறை கேட்டார். அந்த மொழி எனக்குத் தெரியாது என்று தப்பிவிட்டேன். மாமியின் மொழி எனக்குத் தெரியும், ஆனால் பதினைந்து வருடமாக நானும் போய்க் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்தபோது அப்பாவில் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது.

மாமி கதவைத் திறந்தார். நரைத்திருந்தார். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிளவுஸ் இன்னும் முடியேல்லை. வியாழக்கிழமை தாறன் எண்டு கொம்மாட்டைச் சொல்லு."

அம்மா மாமியிடம்தான் சட்டை தைப்பிக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வாங்கல் விற்றல் மட்டும். பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே வாசித்தார். 'நன்றிகெட்ட' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"அண்ணர் வடிவா எழுதியிருக்கிறார்."

"நான் உங்கடை பேரைப் போடப்போறன் மாமி."

"வேண்டாம். அவையின்ரை புத்தகத்திலை என்ர பேர் வரக்கூடாது. நாங்களும் மலர் போடுறம், எங்கடை கதையை நாங்களே எழுதுறம்."

"அதிலை அப்பாவின்ரை பேர் இருக்கோ?"

மாமி தாள்களை மடித்தார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை சேர்ச்சிலையிருந்து கதிரையளை வான் வண்டியிலை ஏத்திவந்தது ஆர்? பனிக்குள்ளை நிலவறைக்குத் தூக்கி இறக்கினது ஆர்?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"அண்ணர்தான்."

"அதை என்னெண்டு எழுதியிருக்கிறியள்?"

மாமி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "நலன்விரும்பிகள் சிலர்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நல்ல அண்ணனும் தங்கச்சியும்! நீங்கள் ரெண்டு பேரும் போனாப்பிறகு ஆரோ ஒருத்தி நூலகத்திலை இருந்து இந்த ரெண்டு மலரையும் வாசிப்பாள். இஞ்சை கொஞ்ச ஆர்வலரும் கொஞ்ச நலன்விரும்பியளும் இருந்தவை, ஆளையாள் தெரியாது எண்டு எழுதுவாள். நான் ரெண்டு பேரின்ரை பேரையும் போட்டுத்தான் அனுப்புவன். அப்பா வெட்டினா என்ர பேரையும் சேர்த்து வெட்டட்டும்." படிக்கட்டில் என் குரல் எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது.

மாமி தாள்களைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி அவருடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே குசினிக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையடியில் இருந்தேன்.

"பசிக்குது மாமி" என்றேன். "காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

கனநேரம் கழித்து மாமி உள்ளே வந்தார். முகத்தை எனக்குக் காட்டாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து அதற்கு முன்னால் நின்றார். அந்த வெளிச்சத்தில் கறிச் சட்டியும் முட்டைப் பெட்டியும் தெரிந்தன. கதவு கூடநேரம் திறந்திருந்ததால் பெட்டி விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. மாமியின் கை கதவிலேயே இருந்தது.