என் முகம் போட்ட பேனர்

ஏணியிலிருந்து என்னை யாரும் தள்ளிவிடவில்லை. பேனரில் என் முகம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, நேராக்கலாமென்று எட்டினேன். ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூட்டத்துக்கு வந்திருந்த மீ கோரேங் நூடுல்ஸ் சட்டிக்குள் பேனர் போய் விழுந்து, 'புதிய தலைவர் அம்புரோஸ்' மேல் மிளகாய் எண்ணெய் வடிந்தது. தலைவராகும் முன்பே வாழ்த்து பேனர் அடித்தவனுக்கு அது தேவைதான்.

ஏணியைப் பிடித்திருந்த சிங்காரம் வாய்விட்டுச் சிரித்தான். என்னோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவன்.

எங்கள் தோட்டத்துக் கமிட்டியில் எழுதாத ஏற்பாடு ஒன்று உண்டு. தலைவர் நாற்காலி ஒரு தவணை மலாய்க்காரருக்கு, அடுத்தது சீனருக்கு, அப்புறம் தமிழருக்கு. யாருடைய முறையோ அவர்களே பெயர் சொல்வார்கள். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் கைதட்டுவார்கள். இது எங்கள் தவணை. போன ஞாயிறு சிங்காரத்தின் வீட்டில்தான் என் பெயர் முடிவானது. எழுந்து சொல்லப் போகிறவனும் அவன்தான்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் கல்லறைக்குப் போகும் மண்பாதைக்கு சிமெண்ட் போட வேண்டும். அம்மாவைத் தூக்கிப் போன அன்று மழை. பெட்டியோடு எல்லாரும் சறுக்கினோம். அதற்கு முன் அம்மா சறுக்கு விளையாடியதாக எனக்கு ஞாபகமில்லை.

கூட்டம் தொடங்கியதும், பதவியிலிருந்து இறங்கும் காய்கறித் தோட்டக்காரர் லிம், தமிழர் பக்கத்துப் பெயரைக் கேட்டார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சிங்காரம் எழுந்து, தன் அக்காள் மகன் புவனேஸ்வரன் பெயரைச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன்.

லிம்மிடம் கேட்டேன். அது உங்கள் வீட்டு விஷயம், நாங்கள் தலையிடுவதில்லை என்றார். எங்கள் ஆட்களிடம் கேட்டேன். ஒருவர் அடிபட்ட என் முழங்காலை நலம் விசாரித்தார். இன்னொருவர் அடுத்த தடவை பார்த்துக்கலாம்லா என்றார். அடுத்த தமிழர் முறை வருவதற்குள் நானே அந்தப் பாதையில் போயிருப்பேன், படுத்தபடி.

மண்டபத்துக்குப் பின்னால் சிங்காரம் ஏணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"காலு எப்படி மச்சான் இருக்கு?"

"காலப் பத்தி நான் கேக்க வரல. என்ன கொறைடா எங்கிட்ட?"

ஏணியைச் சுவரில் சாய்த்தான்.

"கோயில் பின்சுவரு எப்ப விழும்னு நிக்குது. நீ உக்காந்தா மொத சிமெண்ட்டு கல்லறைக்குத்தான் போகும்னு சனங்க பயந்தாங்க. நானும்தான்."

"சுவத்தயும் கட்டியிருப்பேனே. நானும் தமிழன்தானடா."

"மலாய்க்காரங்க, சீனவங்க முன்னால நீ தமிழன்தான் மச்சான். நமக்குள்ளன்னு வந்தா, நீ சர்ச்சு ஆளு."