அறையில் இருந்தவர்க்கெல்லாம் சம பங்கு

அமெரிக்காவின் பாட்டு ஊரான நாஷ்வில்லில் பாட்டு எழுதும்போது அறைக்குள் யார் இருந்தாலும் பங்கு சமம். ஒருவர் முழுப் பல்லவியையும் தரலாம். இன்னொருவர் காரக் கோழியைத் தின்றபடி தலையாட்டலாம். யார் எந்த வரியைத் தந்தார் என்று பிறகு கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம்.

பாட்டுக் கம்பெனியோடு நான் போட்ட ஒப்பந்தம் மட்டும் இந்த நாகரிகம் அறியாதது. வருடத்துக்குப் பத்து முழுப் பாட்டு தர வேண்டும். மூவர் சேர்ந்து எழுதினால் என் கணக்கில் மூன்றில் ஒன்றுதான் ஏறும். பத்து நிறையும்வரை வருடம் முடியாது. அப்படி என் ஒப்பந்தத்தின் கடைசி வருடம் தொடங்கி நான்கு வருடமாகியிருந்தது.

கம்பெனி முதலாளி ஹார்லன் பிக்ஸ்பி கெட்டவரல்ல. பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புவார். நான் விடுதலையை நெருங்கும்போதெல்லாம் அறைக்குள் ஓர் ஆளையும் அனுப்புவார்.

"வெர்லீன் கண்ணு, இவர் என் மச்சினன். பாஞ்சோ வாசிப்பாரு."

"பாஞ்சோ எங்க?"

"வீட்ல இருக்கு."

வீட்டில் தனியாக எழுதிக் கொண்டுபோனால், "இன்னும் மெருகேறல கண்ணு" என்று சொல்லி அதையும் மச்சினனோடு அறைக்குள் தள்ளிவிடுவார்.

கடைசியில் ஒரே ஒரு முழுப் பாட்டு பாக்கி நின்றது.

அன்று அறையில் ஐந்து பேர். எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்துபோய் மாடிக் கழிவறையில் தாழிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்தில் மௌனம் குடியிருந்த ஒரே இடம் அதுதான். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு பெண், புருஷனின் சிவப்பு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் ஊரைவிட்டுப் போவதாக ஒரு பாட்டு முழுதாக வந்தது. மெல்லப் பாடிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வெளியே ரேலன் காட்ஃப்ரி நின்றிருந்தான். அவன் தும்மினாலும் வானொலிக்காரர்கள் ஒலிபரப்புவார்கள். அவ்வளவு பெரிய பாடகன்.

"ஹார்லன், இங்க வாய்யா!" என்று கத்தினான். ஹார்லனும் அறையில் இருந்த எல்லோரும் மாடிக்கு ஓடிவந்ததும் சொன்னான்: "இந்தப் பாட்டு எனக்கு வேணும். ஒரு குறை சொல்ல முடியாது!"

இத்தனை பேர் முன்னால் அவனே அப்படிச் சொன்ன பிறகு மெருகேறவில்லை என்று ஹார்லனால் எப்படிச் சொல்ல முடியும்?

"ஒண்ணே ஒண்ணு," என்றான் ரேலன். "சிவப்பு வண்டிய கறுப்புன்னு மாத்திருவோம். என்னோடது கறுப்பு. பாதிப் பாதி போட்டுக்கலாம்."

"நீங்க அறைக்குள்ள இல்லையே. கதவுக்கு வெளியதான இருந்தீங்க?"

"கதவு ரொம்ப மெலிசு, மேடம்."

ஹார்லன் என் தோளில் கை போட்டார். "கண்ணு, ஊர் பூரா இதையே பாடும். பாதி போனா என்ன? உன் கணக்குல மிச்சப் பாதிக்கு இன்னொரு பாட்ட என் மச்சினன் கூட உக்காந்து எழுதிரலாம்."

ஊர் முழுக்க என் பாட்டு ஒலிப்பதை நினைத்துப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. மச்சினனையும் பார்த்தேன். அவர் கோழி எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார். நான் பேசாமலிருப்பதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு ரேலன் கையை நீட்டினான்.

"சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும்," என்றேன்.

"அப்ப நான் பாட மாட்டேன்."

"பாடாதீங்க."

"பெரிய ஹிட்டக் கழிவறையில போட்டுட்டியே!" என்றார் ஹார்லன்.

"அங்கதானே கெடச்சுது."

அத்தனை பேர் காதில் விழுந்த ரேலனின் பாராட்டை மறுக்க முடியாமல், முழுப் பாட்டு என்று கையெழுத்துப் போட்டார். என் பத்து நிறைந்தது. பாட்டு அவருக்குச் சொந்தம். ரேலன் வேண்டாமென்றதை இனி யாரும் பாடப்போவதில்லை. நான் எனக்குச் சொந்தம்.

தெருவில் இறங்கியதுமே தொண்டைக்குள் ஒரு புது மெட்டு புரண்டது. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே மச்சினன்.

"ஏறிக்க வெர்லீன், வீட்ல விட்டுர்றேன்."

தலையை மட்டும் அசைத்து மறுத்தேன். காரும் ஓர் அறைதான். அந்தக் கார் கண்ணுக்கு மறையும்வரை நான் உதட்டைப் பிரிக்கவில்லை.