விரல் அகலத் தெரு

எங்கள் வீட்டில் கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சி.என்.சி. ரவுட்டர் நிற்கிறது. கார் தெருவில் கிடந்து மழையில் நனைகிறது. என் கணவர் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. நான் அதைக் காதில் வாங்கிய நாளும் இல்லை. மேசையளவு இரும்புச் சட்டம், அதன்மேல் அப்படியும் இப்படியும் ஓடுகிற ஒரு மோட்டார், மோட்டாரின் வாயில் சுற்றுகிற கூர்மையான பிட். கம்ப்யூட்டரில் நான் வரைவதை அது மரத்தில் செதுக்கித் தரும். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு, சாயங்காலம் அந்த மோட்டார் உறுமினால்தான் உடம்பில் உயிர் வரும்.

வாங்கிய புதிதில் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை வைத்தேன், குளியலறைக்குக்கூட. போன் வைக்க ஸ்டாண்ட், சாவி மாட்ட மீன், டம்ளர் வைக்க வட்டம் வட்டமாய்த் தட்டு. இன்னொரு தட்டு வந்துவிடுமோ என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்தாள். ஒருமுறை பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப்பின் மேலேயே பிட்டை ஓட்டிவிட்டேன். உடைந்த முனை போய்க் கூரையில் குத்தி நின்றது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே இறக்கினால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இப்படி விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு நிஜமான வேலை ஒன்றை என் அண்ணன் கொடுத்தான். அதாவது, அவன் கொடுக்கவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன்.

அண்ணன் பஸ் ஓட்டியவன். நரம்பில் வந்த ஒரு நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. போன மாதம் அவனுடைய பழைய ஆபீஸில் கூப்பிட்டு, போன் விசாரணைப் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். எந்த இடத்துக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று சொல்ல அவனை விட்டால் ஆள் ஏது? அதற்காகவே அண்ணி அந்த ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துக் குடி மாறினாள். வருகிறானா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். அங்கேதான் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

“தனியா அனுப்ப மாட்டேன். நான் ஆஸ்பத்திரி டூட்டியை மாத்திக்கிறேன், கொண்டுபோய் விடறேன்,” என்றாள் நர்ஸ் வேலை பார்க்கிற அண்ணி.

“கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடறதுக்கு நான் என்ன எல்.கே.ஜி.யா? அப்படிப் போகணும்னா எனக்கு அந்த வேலையே வேண்டாம்,” என்றான் அண்ணன்.

வெள்ளைத் தடியோடு நடக்க அவன் முறையாகப் பழகியவன்தான். ஆனால் இது புது இடம். பஸ் போகிற ரோடெல்லாம் அவனுக்கு மனப்பாடம்; பஸ் நுழையாத இந்தச் சந்துகள் சுத்தமாகத் தெரியாது. “தடி தரையைச் சொல்லும். திருப்பத்தைச் சொல்லாது,” என்று முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியிலேயே கிடந்தான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவ்வளவு பெரிய வண்டியை நெரிசலில் வளைத்து ஓட்டியவன் இப்படியா முடங்குவது?

உடனே களத்தில் இறங்கினேன். இணையத்திலிருந்து அந்தப் பகுதியின் வரைபடத்தை எடுத்து, தெருத் தெருவாக வரைந்து, ஊசிமுனை பிட்டைப் போட்டுச் செதுக்கினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் உயரம், ஒவ்வொரு சந்துக்கும் அதனதன் அகலம். அளவு இம்மிகூடப் பிசகவில்லை. கணவரே வாயைப் பிளந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவன் ஒரு தடவை தடவினான். மறுபடியும் தடவினான்.

“என்ன இது, சீப்பா?”

“சீப்பா! உன் தெருண்ணா. எவ்வளவு துல்லியமா இருக்கு தெரியுமா?”

“உன் துல்லியத்துக்குள்ள என் நகம்கூடப் போகலையே.”

என் மூக்கு உடைந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ராத்திரி பகலா உனக்காக உழைச்சா இதுதான் மரியாதையா’ என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் கோபம் இறங்கி, வெட்கம் ஏறியது. அவன் சொன்னதில் என்ன தப்பு? கண் இருக்கிறவர்கள் பார்த்து வியக்கத்தான் நான் அதைச் செதுக்கியிருந்தேன். சரியாகச் சொன்னால், எனக்காகச் செதுக்கியிருந்தேன்.

திரும்பிப் போனேன். பையில் நுணுக்கமாக அளவெடுக்கிற வெர்னியர் கருவி இருந்தது. அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

“விரலை நீட்டு.”

“மோதிரம் போடப் போறியா?”

“வாயை மூடிட்டு நீட்டுண்ணா.”

ஆள்காட்டி விரலின் அகலத்தை அளந்துகொண்டேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில், ‘இந்தக் குடும்பத்துக்கே ஏதோ ஆகிவிட்டது’ என்று எழுதியிருந்தது.

அந்த விரல்தான் இனிமேல் என் அளவு. கோடு மயிரிழை நகர்ந்தாலே தூக்கம் வராத என் போன்றவர்களுக்கு, வீட்டைவிடத் தெருவை அகலமாக வரைவது மகா பாவம். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாவத்தைச் செய்தேன். வீடுகளைத் தூக்கி எறிந்தேன். தேவையில்லாத சந்துகளை அடைத்தேன். வளைவுகளை நிமிர்த்தினேன். திருப்பங்களை மட்டும் விடவில்லை. விரல் பருமனுக்கு உருண்டை முனை பிட் ஒன்றை மாட்டி மோட்டாரைத் தட்டிவிட்டேன்.

தூள் பறந்தது! பலகையின் குறுக்கே முதல் தெரு இறங்கியது. கணவர் யாரும் கூப்பிடாமலே வேக்குவம் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இது எது, மச்சான் வீட்டுத் திருப்பமா?” என்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“அதுக்கு அடுத்தது! தள்ளி நில்லுங்க!”

காரைப் பற்றி அன்று அவர் மூச்சு விடவில்லை. ரோட்டைக் கடக்க வேண்டிய இடங்களில் உப்புத்தாளைச் சின்னச் சின்னதாய் வெட்டி ஒட்டினோம். ஆபீஸ் வாசலில் ஓர் ஆணித்தலை.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் விரல் அந்தத் தெருவில் இறங்கியது. முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. உப்புத்தாளில் நின்றது, கடந்தது, திரும்பியது, ஆணியைத் தொட்டது. திரும்ப வீட்டுக்கு வந்து மறுபடியும் கிளம்பியது.

“இந்த முனையில பேக்கரி இருக்கா?” என்று கேட்டான்.

“இருக்கே! உனக்கு எப்படித் தெரியும்?”

“காலையில வாசனை இந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரும். இங்க ஒரு குழி போட்டிருக்கக் கூடாதா?” அவன் குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

“பலகையில விரல் போறது வேற, ரோட்டுல கால் போறது வேற,” என்றாள் அண்ணி.

“அப்ப வா. கூடவே வா. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

கிளம்பினோம். அண்ணன் முன்னால், தடி தட்டிக்கொண்டு. பின்னால் அண்ணி, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. விட்டால் ஓடிப்போய் அவனைத் தாங்கிவிடுவாள். பேக்கரி முனையில் சரியாகத் திரும்பினான். முதல் ரோட்டை, காதைக் கொடுத்து நின்று, கடந்தான். மூன்றாவது திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டான். அண்ணியின் நகம் என் கையில் இறங்கியது. அண்ணன் நின்றான். அவனுடைய ஆள்காட்டி விரல் தொடைமேல் மெல்ல ஊர்ந்தது: நேராக, வலப்பக்கம், நேராக. விரல் நின்றது. அவன் திரும்பி வந்து, தடியால் சுவரைத் தேடி, சந்துக்குள் நுழைந்தான்.

ஆபீஸ் கேட்டில் தடி ‘ணங்’கென்று இடித்தபோது நான் நடுத்தெருவில் கத்திவிட்டேன். காவலாளி பயந்தே போனார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பக்கூடச் செய்யாமல் உள்ளே போய், திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தான். அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், என்ன இப்போது?

சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருந்தது, அண்ணன் பலகையை விடவில்லை. விரல் ஆணியைத் தாண்டி, தெருவோடு போய், விளிம்பில் நின்றது.

“இதுக்கு அந்தப் பக்கம் என்ன?”

“ஒண்ணும் இல்ல. பலகை அவ்வளவுதான்.”

“பலகையைக் கேக்கல, ஊரைக் கேக்கறேன்.”

“மார்க்கெட். அதைத் தாண்டினா ஆத்தங்கரை.”

“அதையும் வெட்டு. வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்குத்தான் வருவேன்னு யாரு சொன்னா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் டீயைக் கீழே வைத்தாள். இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன்.

“எங்க வேணா போங்க,” என்றாள். “இருட்டறதுக்குள்ள வந்துரணும்.”

“எனக்கு என்னடி இருட்டு, வெளிச்சம்?” என்று சிரித்தான் அண்ணன்.

“எனக்கு இருட்டுமே,” என்றாள் அண்ணி.