மாவு தீராத வீட்டின் மீதிக் கதை

நாவலப்பிட்டிக் கோயிலில் அந்த ஞாயிறு பூசையில் வாசித்த பைபிள் வாசகம் பாப்பம்மாவை வாரம் முழுக்கச் சும்மா இருக்க விடவில்லை. பஞ்ச காலம். ஒரு விதவை வீட்டில் கடைசிப் பிடி மாவு. அதில் ரொட்டி சுட்டு, தானும் மகனும் தின்றுவிட்டுச் சாகலாமென்று விறகு பொறுக்குகிறாள். இறைவாக்கினர் எலியா வந்து முதல் ரொட்டியைத் தனக்குக் கேட்கிறார். கொடுக்கிறாள். அன்றிலிருந்து பானையில் மாவு குறையவே இல்லை. சரி, அப்புறம்? அந்தப் பையன் என்ன ஆனான்?

பாப்பம்மாவும் விதவைதான். ஒரே மகன் கத்தாரில் வேலை செய்கிறான். மூன்று வாரமாகப் போன் இல்லை. கதையில் வரும் பையன் நன்றாக இருந்தால் தன் பையனும் நன்றாக இருப்பான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். பெற்றவளிடம் போய் யாராவது நியாயம் பேசுவார்களா?

அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வாசித்ததோ தானியேல் ஆகமம். விதவையைக் காணோம், பானையைக் காணோம். அவளுக்கு வந்ததே கோபம்! எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் பங்குச் சாமியாருக்குச் சமைத்துப் போடுவதே அவள்தானே. பூசை முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்தாள்.

"சாமி, போன வாரக் கதையோட மிச்சம் எங்க?"

வீரசிங்கம் சாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். "அது தொடர்கதை இல்லை அக்கா. அண்டைக்கு நற்செய்தியில ஒரு ஏழை விதவை காணிக்கை போட்டவ எல்லோ? அவவுக்குச் சோடியா இவவின்ர கதையை எடுத்து வச்சிருக்கினம். வாசகமெல்லாம் மூண்டு வருசத்துக்கு ஒருக்காச் சுத்தி வரும்."

"அப்ப மிச்சம்?"

"அது வாற ஆனியில வரும்."

"பைபிள் மேசையிலதான இருக்கு. இப்பவே வாசிச்சுச் சொல்லுங்க."

"பிறகு பார்ப்பம்" என்று சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனிக்கு இன்னும் ஏழு மாதம்! பாப்பம்மா நேரே சமையலறைக்குப் போனாள். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டில் பாதி ரொட்டியை வைத்தாள். தொட்டுக்கொள்ளச் சம்பலும் இல்லை.

"மிச்சம் எங்கை அக்கா?"

"அது வர்ற ஆனியில வரும் சாமி."

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வேறு வழியில்லாமல் பைபிளை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

"கொஞ்ச நாளில அந்தப் பெடியனுக்குக் கடுமையான நோய் வந்து... மூச்சு நிண்டுட்டுது." அவர் குரல் இறங்கிவிட்டது. "இதுக்குத்தான் அக்கா நான் சொல்லேல்லை. உங்கட மகனும் போன் எடுக்கேல்லை. இந்த நேரத்தில இதை எப்பிடி..."

பாப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மேல வாசிங்க."

"எலியா அவனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செபிச்சார். உயிர் திரும்பிவந்துது. 'இந்தா, உன்ர மகன் உயிரோட இருக்கிறான்' எண்டு தாயின்ர கையில குடுத்தார்."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள் பாப்பம்மா. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது; கோபம்தான் முந்திக்கொண்டது.

"அவன் செத்ததுக்கும் எந்திரிச்சதுக்கும் நடுவுல எத்தன வரி சாமி?"

சாமியார் விரலை வைத்து எண்ணினார். "ஒரு நாலு வசனம் வரும்."

"நாலே வசனம்! அதத் தாண்டப் பயந்துகிட்டு புஸ்தகத்த மூடி வச்சிட்டீங்க. இதுல நீங்க சாமியாரு, நான் சமையக்காரி. நல்லாருக்கு போங்க!"