அடியில் வைத்த பொட்டு

பூர்ணிமாவுக்குச் சந்தேகம் வரக் காரணம் எதுவும் தேவையில்லை. சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லுவாள். பூக்காரி முழம் போட்டதைத் தன் கையால் இன்னொரு தரம் அளப்பாள். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பற்றி மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்து, அவர் சொன்னது சரிதானா என்று மறுபடி டாக்டரிடம் போய் நிற்பாள். அப்பேர்ப்பட்டவளிடம் கொழுந்தன் தானாக வந்து, "அண்ணி, கம்ப்யூட்டர நானே சேத்துக் குடுக்கறேன்" என்றால்? அவளுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் அவள் வேலை. முதுகு ஒடிய உட்கார்ந்து மணமக்கள் முகத்துக்கெல்லாம் பளபளப்பு ஏற்றுவது இவள், பேர் தட்டிக்கொண்டு போவது முதலாளி. கருவடிக்குப்பம் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுச் சொந்தமாக வேலை எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள். ரெடிமேடாக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் கைக்கு அடக்கமாக முடியும் என்றார்கள்.

கொழுந்தன் இளஞ்செழியன் லாஸ்பேட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். ஆனால் வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் அவள் புருஷன் சக்கரபாணி, ஊர்க்காரர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், தம்பி பேரை யாராவது எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அந்தத் தம்பி இந்தக் கம்ப்யூட்டர் சேதி கேள்விப்பட்டு, தானாக வீட்டுக்குள் வந்து நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பூர்ணி, ஒனக்குப் புண்ணியமாப் போவட்டும், அவங்கிட்ட எதனா கோணலா பேசிடாத. இப்பப் போனான்னா இனிமே வரமாட்டான்" என்று கெஞ்சினார்.

"நான் இன்னா பேசப்போறேன்?" என்றாள் பூர்ணிமா. இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன் இப்போது ஏன் வந்தான் என்று மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

காமராஜர் சாலையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். அதுவே அவளுக்கு முதல் உறுத்தல். ஊரில் இத்தனை கடை இருக்க, இந்தக் கடை எதற்கு?

"இந்த பிராசசர்லயே டிஸ்ப்ளே வந்துடும் அண்ணி. தனியா கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேணாம். அந்தக் காசுல ராம் அதிகமா போட்டுக்கலாம். ஆல்பம் ஃபைலெல்லாம் பெருசு இல்ல?" என்றான். பூர்ணிமா தலையாட்டினாள். ஸ்டுடியோ மெஷின் ஆல்பத்தைத் திறக்கத் திணறுவதை அவளே பார்த்திருக்கிறாள். அதுவரை குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து எஸ்எம்பிஎஸ் என்றான். மலிவில் ஒன்று கண்ணெதிரே இருக்க, விலை கூடுதலானதை எடுத்தான்.

"இது இன்னா பண்ணும் தம்பி?"

"கரண்ட எல்லாத்துக்கும் பிரிச்சு விடும் அண்ணி. இதுல சிக்கனம் பாத்தா, ஒரு நாள் இதோட இருக்கற அத்தனையும் சேந்து போயிடும்."

கலர் கலராக விளக்கு எரியும் கேபினட் ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. "வெளக்குக்கெல்லாம் காசு அழுவாதீங்க" என்று அதை ஒதுக்கிவிட்டுக் கறுப்பாக ஒரு தகரப் பெட்டியை எடுத்துவைத்தான். கண்ணுக்குத் தெரிவது மட்டமாம், மூடிவைத்தால் தெரியாதது உசத்தியாம். நல்லா இருக்கிறதே கதை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குத் தோதாகக் கடைக்காரர் அவனுக்கு மட்டும் டீ வரவழைத்தார். இருவரும் தள்ளி நின்று ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதா? கமிஷன்தான் என்று பூர்ணிமா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மறுநாள் கீரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணா சாலையில் வேறொரு கடைக்குப் போய் விசாரித்தாள். அந்தக் கடைக்காரர், "யாரு போட்டுக் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கதான்மா கை வெப்பாங்க. அட்டைப்பெட்டி புதுசா இருக்கும். மாட்டும்போது பழச உள்ள வெச்சுட்டுப் புதுச பையில போட்டுக்குவாங்க. மூடிட்டா ஒங்களுக்கு இன்னா தெரியப்போவுது? நம்மகிட்ட வாங்கிக்கங்க, பயமே இல்ல."

உலகத்தில் அத்தனை பேரையும் சந்தேகப்படுகிறவள், தன் சரக்கை விற்கப் பார்த்த அந்த மனுஷரை மட்டும் அப்படியே நம்பினாள். சந்தேகக்காரர்களின் லட்சணமே அதுதான்.

சனிக்கிழமை பெட்டிகள் வந்து இறங்கின. "பிரிக்காதீங்க அண்ணி, நாளைக்கு நானே வந்து பிரிக்கறேன்" என்று இளஞ்செழியன் போன் செய்தான். பிரிக்காதே என்றால் என்ன அர்த்தம்? அவன் போனை வைத்த மறு நிமிஷம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். கூடவே பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழும் வந்தது.

"புதுச் சாமானாச்சே, பொட்டு வெக்க வேணாமா?" என்று புருஷனிடம் சொன்னாள். சக்கரபாணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தம்பி கை வைக்கப்போகும் பொருளுக்கு அவள் பொட்டு வைக்கிறாள், இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வெள்ளந்தியாக நினைத்து டீ குடிக்கப் போனார்.

வண்டி வாங்கினால் முகப்பில் பொட்டு வைப்பது ஊர் வழக்கம். பூர்ணிமா அப்படி வைக்கவில்லை. பிராசசரின் மேல்பக்கம் பசை தடவுவார்கள் என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னது அவள் நினைவில் இருந்தது. அதனால் திருப்பிப் போட்டு, அடியில் பொன்னிறப் புள்ளிகள் நெருங்கிக் கிடந்த இடத்தில் தண்ணீரில் குழைத்த குங்குமத்தைச் சின்னதாகத் தொட்டு வைத்தாள். ராமுக்கும் அப்படியே, உள்ளே சொருகும் பொன் விளிம்பில் ஒரு பொட்டு. யார் கண்ணிலும் படாது, யாரும் துடைக்கவும் மாட்டார்கள். மாற்றினால் மாட்டிக்கொள்வான். காய்ந்ததும் பழையபடி பெட்டிக்குள் வைத்து மூடினாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுத் துறையில் கூட்டம் அலைமோதும். சக்கரபாணி அதை விட்டுவிட்டு லீவு போட்டிருந்தார். விடியும் முன்னே போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தார். "குழம்பு வெச்சா அவன் ரெண்டு தட்டு சாப்புடுவான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பாயை விரித்து இளஞ்செழியன் வேலையை ஆரம்பித்தான். பக்கத்தில் சக்கரபாணி. எதிரே பூர்ணிமா, இமை கொட்டாமல் அவன் கையையே பார்த்தபடி. ஆனால் குழம்பு கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள். அடுப்பைத் தணித்துக் கிண்டி, சோற்றையும் வடித்துவிட்டுத் திரும்பியபோது, அவன் ராமைத் தூக்கிப் பிடித்துச் சொருகப் போனான். பொன் விளிம்பு பளிச்சென்று இருந்தது. அதில் பொட்டு இல்லை.

"நிறுத்து தம்பி!"

அவன் நிமிர்ந்தான்.

"எங்க, இதுல இருந்த பொட்டு? நான் அடையாளத்துக்குன்னு எல்லாத்துலயும் வெச்சிருந்தேன். பிராசசருக்கு அடியிலகூட வெச்சேன். மாத்திட்டியா? ஒம் பைய இப்பவே காட்டு!"

இளஞ்செழியனுக்கு ஒரு கணம் எதுவுமே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் கறுத்துவிட்டது.

"குங்குமம் இருந்தா காண்டாக்ட் ஆவாது அண்ணி. மெஷின் ஓடாது. ஸ்பிரிட்டால தொடச்சேன்" என்றான் மெதுவாக. "சாமிக்கு வெச்சீங்கன்னு நெனச்சேன். தொடச்ச பஞ்சக் குப்பையில போட மனசு வரல."

கையை நீட்டிக் காட்டினான். பூஜை அலமாரியில், விளக்கின் காலடியில், சிவந்த பஞ்சு ஒரு வெள்ளைத் தாளின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பூர்ணிமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சாமிக்குத்தான் வைத்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அடையாளம் என்ற வார்த்தையைத் தன் வாயாலேயே கத்தித் தீர்த்துவிட்டாள்.

அவன் எழுந்து போயிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போகவில்லை. பையை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தான். திருப்புளி, டேப், ஒரு தண்ணீர் பாட்டில், வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தான். ராமைச் சொருகினான், ஒயர்களைக் கட்டினான், பெட்டியை மூடினான். சக்கரபாணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கம்ப்யூட்டர் முதல் தடவையிலேயே ஓடியது. ஆல்பம் சாஃப்ட்வேர் ஏற்றி, ஒரு பெரிய ஃபைலைத் திறந்து காட்டினான். ஸ்டுடியோவில் திணறும் அதே ஃபைல், சட்டென்று திறந்தது. கடையில் அவர்கள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று கேட்கும் தைரியம் இப்போது அவளுக்கு இல்லை.

"பாஸ்வேர்ட் நீங்களே போட்டுக்கங்க" என்று விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"ஐயோ, இதுக்கெல்லாம் எதுக்கு தம்பி... திரும்புங்க" என்றாள்.

"போடுங்க. நான் பாக்கல."

அவன் அண்ணி என்று சொல்லவில்லை. பூர்ணிமா விசைப்பலகை மேல் கையை வைத்தாள். ஒரு எழுத்துகூட அழுந்தவில்லை. கண்ணீரில் திரையே தெரியவில்லை. சக்கரபாணி எழுந்தார். தம்பியின் பக்கத்தில் போய், அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"போட்டாச்சுங்களா?" என்று கேட்டான் இளஞ்செழியன்.