நெயில் பாலிஷ் உடையவில்லை

சைக்கிளின் முன் சக்கரத்தைக் கவ்வி அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியில், தரையைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு போல்ட்டிலும் அக்காவின் நெயில் பாலிஷ் அலுங்காமல் குலுங்காமல் இருந்தது. நல்ல ரத்தச் சிவப்பு. பத்து நாளுக்கு முன்னால், போல்ட்டின் தலையில் பாதி, குழாயில் பாதி என்று சின்னவள் தன் கையால் இழுத்த கோடு. போல்ட்டை ஒரு மயிரிழை திருப்பியிருந்தாலும் கோடு உடைந்திருக்கும். உடையவில்லை.

"பிரிச்சு மேஞ்சு, புது ஆயில் ஊத்தி, பட்டு மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன்" என்று அத்தான் நேற்றுதான் சைக்கிளை ஒப்படைத்திருந்தார். அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றாமல் மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பிரிக்கிற வித்தையை உலகத்தில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளியே தெரிகிற பளபளப்புக் குழாயைத் துடைத்து, கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து, மனுஷன் கதையை முடித்திருக்கிறார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். சைக்கிள் கடைக்காரர், மலைப் பந்தயத்துக்கும் அவரே மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டுமானால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் பந்தயக்காரர்களிடம் போய்ச் சேர வேண்டும். அதில் 'ஃபோர்க் சர்வீஸ் செய்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் அத்தானே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவது வழக்கம். கடைக்கு வராத ஃபோர்க்குக்கு முத்திரை கிடையாது. நானே வீட்டில் பிரிக்கிறேன் என்று சின்னவள் ஒருமுறை கேட்டபோது, கடையில் நாலு பேர் பார்க்க, "இன்ஜினியரம்மா, பரீட்சைப் பேப்பர் வேற, ஸ்பேனர் வேற" என்று சிரித்தவர் அவர்.

போன பந்தயத்திலும் அவர் 'பிரிச்சு மேஞ்ச' ஃபோர்க்தான். பாறைச் சரிவில் பாதி வழியிலேயே இறுகிப்போய், கை மரத்து, சின்னவள் முள்செடியில் விழுந்தாள். அன்றைக்கு வந்த சந்தேகத்தில்தான் அக்காவின் மேஜையிலிருந்து பாலிஷ் பாட்டிலைச் சுட்டாள்.

சண்டைக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலை, குளியலறைக்கு முன்னால் பழைய நாளிதழை விரித்து, முன் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றினாள். மேல்முனை வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினாள். போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தி, அது நசுங்காமல் இருக்க அப்பாவின் ரப்பர் செருப்பை மேலே வைத்து, செருப்பின் மேல் சுத்தியலால் தட்டினாள்.

"நம்ம வம்சத்துல மொத டிகிரி" என்றாள் அம்மா, சமையலறை வாசலில் நின்று. "வாங்கிட்டு வந்து செருப்பால அடிக்கிறா பாரு."

"அம்மா, பேசனை நகர்த்தும்மா. ஆயில் வரும்."

வந்தது. இரண்டு கீழ்க்குழாயும் உருவிக்கொண்டு வந்தபோது உள்ளேயிருந்து மொத்தமே ஒரு கரண்டி வந்தது, கரிக்குழம்பாக. குழாய் வாயில், ரப்பர் சீலுக்கு அடியில் ஆயிலில் ஊறிக் கிடக்க வேண்டிய பஞ்சு வளையங்கள் காய்ந்து கருவாடாகியிருந்தன. சின்னவளுக்குக் கோபத்தில் காது சூடானது. துடைத்தாள், வளையங்களைக் கழுவி ஒரு தட்டில் ஆயில் ஊற்றி ஊற வைத்தாள், சீலுக்குக் கிரீஸ் தடவினாள். குழாய்களை ஏற்றி, மருந்துக்கடை சிரிஞ்சால் பக்கத்துக்குப் பத்து மில்லி ஏற்றி, போல்ட்டை முறுக்கினாள். ஆயில் பாட்டில் காலி. மணி இரண்டு. காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாத குறை.

"இந்த வளையம் எதுக்குடி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "நாத்தம் தாங்கலைன்னு தட்ட ஜன்னல்ல தூக்கி வெச்சேன். பாத்திரம் தேய்க்கவா?"

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். வளையம் இல்லாமல் ஓட்டினால் மறுபடியும் முள்செடிதான். திரும்பப் பிரித்தாள். ஊற்றிய புது ஆயில் அத்தனையும் பேசனில் இருந்த கரியோடு போய்ச் சேர்ந்தது.

பேருந்து பிடித்துக் கடைக்குப் போனாள். அக்கா டியூப் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் ஸ்டூலில் இருந்தார்.

"அத்தான், என் ஃபோர்க்குல ஊத்தினீங்களே, அதே ஆயில் இருவது மில்லி வேணும்."

"உனக்கெதுக்கு?"

"பட்டு மாதிரி இருக்கே. பேர் தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

அத்தானுக்கு முகம் மலர்ந்தது. மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, தூசியை ஊதி, மூடியைத் திருகினார். கறுக் என்று சீல் உடைந்தது. கடையில் இருந்த மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது.

"இன்னிக்குத்தான் ஒடைக்கிறீங்களா?" என்றாள் அக்கா.

"இது வேற பாட்டில். பழசு தீந்துடுச்சு."

சின்னவள் போனில், கழற்றும் முன் எடுத்த, கோடு உடையாத போல்ட்டின் படத்தைக் காட்டினாள். அக்கா எட்டிப் பார்த்தாள். "என் பாலிஷ். வீடெல்லாம் தேடறேன், இங்க பூசி வெச்சிருக்கியாடி."

அத்தானும் படத்தைப் பார்த்தார். தொழில்காரர், ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. குரலை இறக்கினார். "படிவத்தைக் குடு. ரெண்டு கட்டத்துலயும் போட்டுத் தரேன். நமக்குள்ள என்ன."

வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். சின்னவளுக்கு அந்த வாய் வாய்க்கவில்லை.

"மொத கட்டம் என்னுது. ரெண்டாவது உங்களுது, ஆனா பாத்துட்டுப் போடுங்க. ஃபோர்க் வீட்டுல பிரிஞ்சு கெடக்கு. முத்திரையை எடுத்துக்கிட்டு வாங்க."

"கடையை விட்டுட்டா?"

"கெளம்புங்க" என்று ஷட்டரை இழுத்தாள் அக்கா. "நானும் வரேன்."

அத்தான் குளியலறை வாசலில் குந்தி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்தவர் போல ஒரு முழி. இந்தக் குழாயைப் பார்த்தார், அந்தக் குழாயைப் பார்த்தார்.

"ஸ்பிரிங் எங்க?"

அக்கா சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல ஸ்பிரிங் கெடையாது அத்தான்" என்றாள் சின்னவள். "காத்துதான் ஸ்பிரிங்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை முன்னால் சிரிக்கக் கூடாதாம்.

பிறகு அத்தான் எடுபிடி ஆனார். பிடி என்றால் பிடித்தார், சாய் என்றால் சாய்த்தார். ஊறிய வளையங்களை விரல் நுனியால் உட்கார வைத்ததைக் கண் கொட்டாமல் பார்த்தார். காற்றும் ஏற்றியானதும், சக்கரத்தை மாட்டி, தன் முழு எடையையும் போட்டு அமுக்கினார். ஃபோர்க் இறங்கி, மெல்ல மூச்சு விட்டு ஏறியது. குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று இன்னும் மூன்று முறை அமுக்கினார். கிடைக்கவில்லை.

நாலு நாற்பதுக்கு இரண்டாவது கட்டத்தில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. முதல் கட்டத்தில் சின்னவள் தன் பெயரை, பட்டத்தோடு, கட்டத்துக்கு வெளியே வழிய எழுதினாள்.

"திங்கக்கிழமை இதே மாதிரி காத்து ஃபோர்க் மூணு வருது" என்றார் அத்தான், டார்ச்சை அணைத்துப் போட்டு விளையாடியபடி. "சும்மா வந்து பக்கத்துல நின்னா போதும்."

"வரேன். கடையில நாலு பேர் இருக்கிற நேரமாப் பாத்து வரேன்."

போல்ட்டில் புதிதாகச் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு பாட்டிலை அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதை வாங்கி, மூடியை இறுக்கி, கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டுத் தண்ணி மோட்டாரப் போன மாசம் கழட்டி மாட்டினேன்னு சொன்னீங்கல்ல?"

அத்தான் என்ன பதில் சொன்னார் என்று சின்னவளுக்குத் தெரியாது. படிவத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்திருந்தாள். தெருமுனையில், எல்லோரும் ஒதுங்கிப் போகும் பள்ளத்துக்குள் வேண்டுமென்றே விட்டாள். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.